லாபம் எவ்வளவுங்க என்று கேட்பவர்களுக்கு

எங்கள் குப்பை பிரிக்கும் கூடத்தைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் சுற்றிப் பார்த்து முடிப்பதற்குள் ஒரு கேள்வியைக் கேட்டுவிடுவார்கள். பக்கத்து ஒன்றியத்து ஊராட்சிக்காரர்கள், கல்லூரிப் பிள்ளைகள், அதிகாரிகள், கல்யாணப் பந்தியில் அடுத்த இலையில் உட்காரும் சொந்தக்காரர்கள், யாராக இருந்தாலும் கேள்வி ஒன்றுதான். "ஏனுங்க அம்மிணி, குப்பையில நல்ல லாபமாமுங்களே, மாசம் எவ்வளவுங்க நிக்கும்?"

கேட்பவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. குப்பை என்றால் காசு என்று பேப்பரில் எழுதுகிறார்கள், மேடையில் பேசுகிறார்கள், கேட்பவர்களும் நம்பிவிடுகிறார்கள். ஆனால் அந்த லாபத்தை நம்பித் தொடங்கிய கூடங்கள் எங்கள் பக்கத்திலேயே பூட்டிக் கிடக்கின்றன. கூரைத் தகரம் துருப்பிடித்து, மிஷினுக்குக் கரண்ட் கட்டாமல், வாசலில் சீமைக்கருவேலம் முளைத்துக் கிடப்பதைப் போகும்போதும் வரும்போதும் பார்க்கிறேன். அதனால் இந்தப் பதிலைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கள் இடம் சென்னிமலைக்கும் காங்கேயத்துக்கும் இடைப்பட்டது. ஒரு பக்கம் கீழ்பவானி வாய்க்கால் பாயும் வயல், இன்னொரு பக்கம் கிளுவை முள் வேலி போட்ட கொரங்காடு, அதாவது ஆடு மாடு மேய்கிற நிலம். நடுவில் புறம்போக்கு நிலத்தில் குப்பை மாற்று நிலையம். சுற்றியிருக்கிற ஊராட்சிகளின் பேட்டரி வண்டியும் டிராக்டரும் காலையில் இங்கே வந்து இறக்கும். சேர்ந்ததைப் பெரிய லாரி வந்து ஏற்றிப் போகும். இறக்குவதற்கும் ஏற்றுவதற்கும் நடுவில் எதை எடுக்கலாம், எடுத்ததை யாரிடம் அனுப்பலாம் என்பதுதான் எங்கள் வேலை. தகரக் கூரை, சிமெண்டுத் தளம், பிரிக்கும் மேசை, சரக்கை அழுத்திப் பேலாக, அதாவது கட்டாகக் கட்டும் மிஷின், ஒரு தராசு. மகளிர் குழுக்களின் கூட்டமைப்பு நடத்துகிறது. கணக்கும் விற்பனையும் ஆட்களும் என் பொறுப்பு.

லாபக் கேள்விக்கு வருகிறேன். விலை போகிற சரக்கு எங்களிடம் வருவதே இல்லை. செம்பு, பித்தளை, அலுமினியம், இரும்பு, பழைய பேட்டரி, செய்தித்தாள், உடைந்த பிளாஸ்டிக் குடம், சேர், இதெல்லாம் வீட்டு வாசலிலேயே கைமாறிவிடும். மொபெட்டில் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டு வருகிறவர் எடை போட்டுக் காசு கொடுத்து வாங்கிப் போகிறார். காசுக்குப் பதில் பூண்டோ வெங்காயமோ பிளாஸ்டிக் வாளியோ கொடுப்பவர்களும் உண்டு. அவர்களை எங்களுக்குப் போட்டி என்று நான் நினைத்ததில்லை. மறுசுழற்சி என்ற சொல்லை யாரும் கேள்விப்படாத காலத்திலிருந்தே, அரசாங்கம் ஒரு பைசா செலவழிக்காமல், இந்த வேலையைச் செய்து வருகிறவர்கள் அவர்கள்தான். அவர்கள் எடுத்தது போக மிச்சம்தான் வண்டியில் ஏறுகிறது. அதாவது காசு பெறாது என்று விவரம் தெரிந்த ஒருவர் ஏற்கெனவே கழித்துவிட்ட பொருள்தான் எங்கள் மேசைக்கு வருகிறது. இதைக் கணக்கில் எடுக்காமல் திட்ட அறிக்கையில் போடுகிற வருமானமெல்லாம் வெறும் காகித வருமானம்.

இன்னொன்று, கிராமத்துக் குப்பைக்கும் நகரத்துக் குப்பைக்கும் நிறைய வித்தியாசம். நகரத்தில் பாதிக்கு மேல் சமையலறைக் கழிவாக இருக்கும். எங்கள் ஊரில் மாடு இருக்கிற வீட்டில் கழனித்தொட்டி இருக்கும். மீந்த சோறு, காய்கறித் தோல், அரிசி கழுவிய தண்ணீர் எல்லாம் அதில் போய்விடும். தென்னை மட்டை அடுப்புக்கு, சாணம் எருக்குழிக்கு. ஆகவே மக்குகிற குப்பை வண்டியில் ஏறுவது குறைவு. நகரத்துக்கு வரைந்த படத்தை அப்படியே வைத்து ஊர் ஊராகக் கட்டிய மண்புழு உரத் தொட்டிகள் பல இடங்களில் காலியாகக் கிடப்பது இதனால்தான். ஊர்க்காரர்கள் ஒத்துழைக்கவில்லை என்று அதற்கு ஒரு காரணம் சொல்வார்கள். அது நியாயம் இல்லை. உரமாக வேண்டியதை ஊர் ஏற்கெனவே உரமாக்கிக்கொண்டுதான் இருக்கிறது.

ஆனால் அதே கழனித்தொட்டியில்தான் பால் கவரின் வெட்டிய மூலை மிதக்கிறது. கத்தரித்துத் தனியாக விழுகிற அந்தச் சின்னத் துண்டை யாரும் கண்டுகொள்வதில்லை. மாட்டுக்கு உதட்டால் பிரித்து ஒதுக்கத் தெரியாது, நக்கி விழுங்கிவிடும். அசைபோடும் முதல் இரைப்பையில் அது செரிக்காமல் சேர்ந்துகொண்டே போகும். வயிறு உப்பி, தீனி எடுக்காமல், கடைசியில் கால்நடை மருத்துவர் வயிற்றைத் திறந்து கட்டிகட்டியாகப் பிளாஸ்டிக்கை வெளியே எடுத்த கதை எங்கள் பக்கம் ஊருக்கு ஒன்றாவது இருக்கும். காங்கேயம் மாட்டைப் பற்றி இவ்வளவு பெருமை பேசுகிற ஊர் நாம். பால் கவரை வெட்டும்போது மூலை முழுதாகத் துண்டாகிவிடாமல், ஒட்டிக்கொண்டே இருக்கிற மாதிரி வெட்டுங்கள். வீடு வீடாக நான் கேட்டுக்கொள்வது முதலில் இதைத்தான்.

சரி, வண்டியில் வருவது என்ன? ஷாம்பு சாஷே, மசாலா பாக்கெட், பிஸ்கட் உறை, பால் கவர், தண்ணீர் பாட்டில், மாத்திரை அட்டை, அறுந்த செருப்பு, டியூப் லைட், குழந்தைகளின் டயபர், நாப்கின், டீக்கடைப் பேப்பர் கப். கப்பைப் பேப்பர் என்று நினைத்து அட்டையோடு போடுகிறார்கள். அதன் உட்பக்கத்தில் மெல்லிய பாலித்தீன் பூச்சு இருக்கிறது. அது இல்லாவிட்டால் டீ ஒழுகிவிடும். அந்தப் பூச்சால்தான் பேப்பர் மில் அதை வாங்க மறுக்கிறது. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்த பொருட்களில் இந்தப் பூச்சுள்ள கப்பும் ஒன்று. ஆறு வருஷத்துக்கு மேல் ஆகியும் மாரியம்மன் பண்டிகை முடிந்த மறுநாள் வண்டி வண்டியாக எங்களிடம் அதுதான் வருகிறது. 2021 டிசம்பரில் தொடங்கிய மீண்டும் மஞ்சப்பை இயக்கத்தால் சந்தைக்குப் பை கொண்டு போகிற பழக்கம் பலருக்குத் திரும்பியிருக்கிறது. டம்ளர் அப்படித் திரும்பவில்லை. அன்னதானக் கமிட்டியில் சில்வர் டம்ளர் வாங்கி வைத்து, கழுவ ஆள் போட்டு நடத்துகிற கோயில்களும் இருக்கின்றன. முடியாத காரியம் இல்லை என்பதற்கு அவையே சாட்சி.

இதோடு தோட்டத்துப் பிளாஸ்டிக்கும் வருகிறது. நகரத்தில் குப்பைக் கூடம் நடத்துகிறவர்களுக்கு இது தெரியாது. சொட்டுநீர்ப் பாசனம் வந்து பல வருஷம் ஆகிவிட்டதால், எலி கடித்தும் அடைத்தும் வெயிலில் வெடித்தும் போன கருப்புக் குழாய்கள் சுருள் சுருளாக வருகின்றன. அது நல்ல சரக்கு, மண்ணை உதறிக் கட்டினால் எடுத்துக்கொள்வார்கள். தக்காளிக்கும் மிளகாய்க்கும் மண்ணை மூடப் போடுகிற மல்ச்சிங் ஷீட் அப்படி இல்லை. அறுவடை முடிந்து உருவும்போது கிழிந்து கிழிந்து வரும், ஷீட்டோடு மண்ணும் வேரும் ஒட்டியிருக்கும். மண்ணோடு எடை போட்டால் வாங்குகிறவர் ஒத்துக்கொள்ள மாட்டார், கழுவினால் தண்ணீர்ச் செலவும் கூலியும் கட்டாது. பலர் வரப்பிலேயே போட்டுக் கொளுத்திவிடுகிறார்கள். நனையாத நாளில், களத்தில் பரப்பி, வெயிலில் காய்ந்ததும் அடித்து உதறிக் கொண்டுவந்தால் நாங்கள் எடுத்துக்கொள்கிறோம். அந்த வேலையைத் தோட்டத்தில்தான் செய்ய முடியும், கூடத்தில் முடியாது.

பூச்சிமருந்து பாட்டிலைத் தனியாகத்தான் வாங்குவோம். மூன்று முறை தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, அந்தத் தண்ணீரை மருந்துத் தொட்டியிலேயே ஊற்றி அடித்துவிட்டு, பாட்டிலில் ஓட்டை போட்டுக் கொடுங்கள் என்கிறோம். ஓட்டை போடச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நல்ல கெட்டியான பாட்டில் என்று கழுவி மண்ணெண்ணெயோ தேனோ ஊற்றி வைக்கிற பழக்கம் இன்னும் இருக்கிறது.

அப்புறம் பனியன் துணி. திருப்பூருக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு இதைப் பேசாமல் இருக்க முடியாது. பெரிய கம்பெனிகளின் கட்டிங் வேஸ்ட் ஒழுங்காக ஏலம் போட்டதுபோல் விலைக்குப் போய்விடும். நிறம் பிரித்து, ஓ.இ. (ஓப்பன் எண்ட்) நூல் மில்லில் அடித்துப் பஞ்சாக்கி, மறுபடி நூலாக்கிவிடுவார்கள். பல்லடம், உடுமலைப் பக்கம் இப்படி ஓடுகிற மில்கள் நிறைய. சாயம் போட வேண்டியதில்லை, துணியின் பழைய நிறமே நூலின் நிறம். அந்த நூலில்தான் போர்வையும் மிதியடியும் வேலைக் கையுறையும் வருகின்றன. இவ்வளவு பெரிய மறுசுழற்சித் தொழில் நம் மண்ணிலேயே நடக்கிறது. எங்களிடம் வருவது அதில் சேராத மிச்சம். வீட்டில் இரண்டு மூன்று தையல் மிஷின் போட்டு ஜாப் ஒர்க் செய்கிறவர்கள் மூட்டை கட்டி ரோட்டோரம் வைத்துவிடுவார்கள். அதில் லைக்ரா என்கிற இழுபடும் நூல் கலந்த துணி, எலாஸ்டிக், லேபிள், நூல் கோன், டீ கப் எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். லைக்ரா இழுபடுமே தவிரப் பஞ்சாகாது. ஒரு மூட்டையில் அது கொஞ்சம் கலந்தாலும் மொத்த மூட்டைக்கும் விலை இறங்கிவிடும். தையல்காரர்கள் மிஷினுக்குப் பக்கத்திலேயே இரண்டு சாக்கு மாட்டிக்கொண்டால் போதும், காட்டன் ஒன்றில், மற்றது இன்னொன்றில். அப்படி மாட்டிக்கொண்ட வீடுகளின் துணியை நாங்கள் விலைக்கே வாங்கிக்கொள்கிறோம்.

பிளாஸ்டிக் பிரிப்பதை வந்து பார்க்கிறவர்கள் மலைத்துப் போகிறார்கள். பாட்டில் அடியில் முக்கோணத்துக்குள் ஒரு எண் இருக்கும். 1 என்றால் பெட், தண்ணீர் பாட்டில். 2 எண்ணெய் கேன், ஷாம்பு பாட்டில். 4 பால் கவர். 5 ஓட்டல் பார்சல் டப்பா. 3 என்பது பி.வி.சி., தண்ணீர்க் குழாய் செய்கிற பிளாஸ்டிக். எங்கள் கூடத்தில் மூத்த அக்கா ஒருவருக்கு அந்த எண் தேவையே இல்லை. கவரைக் கையில் கசக்கிப் பார்ப்பார். "இது கலகலங்குதுங்க, இது மெத்துனு இருக்குது, ரெண்டும் ஒண்ணு சேராதுங்க கண்ணு" என்று இரண்டு பக்கம் போட்டுவிடுவார். கலகலவென்று சத்தம் போடுவது பாலிப்ராப்பிலீன், மெத்தென்று இழுபடுவது பாலித்தீன். சந்தேகம் வந்தால் ஒரு துண்டை வெட்டித் தண்ணீரில் போடுவோம். பாலித்தீனும் பாலிப்ராப்பிலீனும் மிதக்கும், பெட்டும் பி.வி.சி.யும் மூழ்கும். சில இடங்களில் கொளுத்தி மோந்து பார்த்துக் கண்டுபிடிப்பார்கள். எங்கள் கூடத்தில் தீப்பெட்டிக்கு இடமில்லை. பி.வி.சி. எரிந்தால் வருகிற புகை, மோந்து பார்க்கிற பெண்ணின் நெஞ்சுக்குள்தான் போகும்.

இவ்வளவு பிரித்த பிறகும் விலையைத் தீர்மானிப்பது ஈரம். காய்ந்த அட்டைக்கு ஒரு விலை, நனைந்த அட்டைக்குப் பாதி விலைகூடக் கிடைக்காது. சாம்பார் ஊற்றின பேப்பரைச் சும்மா கொடுத்தாலும் வாங்க மாட்டார்கள். வீட்டிலேயே ஈரத்தோடு சேராமல் வந்தால்தான் அது சரக்கு. அதனால் ஒரு மாற்றம் செய்தோம். தினமும் காலையில் எல்லாக் குப்பையையும் எடுக்கும் வண்டியை, மக்காத குப்பைக்கு மட்டும் வாரம் ஒருநாள் என்று பிரித்தோம். வீட்டில் ஓர் ஆணியில் காலி உரச் சாக்கை மாட்டி, காய்ந்ததை எல்லாம் அதில் போட்டுவையுங்கள், அந்த நாள் வந்து எடுத்துக்கொள்கிறோம் என்றோம். பிஸ்கட் உறைக்கு அவசரம் ஏதுமில்லை, வாரக் கணக்கில் இருந்தாலும் நாறாது. இதைச் செய்ததும் கூடத்துக்கு வரும் சரக்கின் தரமே மாறியது. போஸ்டர், கோலப்போட்டி, பேரணி என்று எதையெல்லாமோ செய்து பார்க்கிறார்கள். என் அனுபவத்தில் அந்தச் சாக்கும் ஆணியும் செய்த வேலையை வேறெதுவும் செய்யவில்லை.

ஈரத்துக்கு அடுத்தது காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று எங்கள் ஊரைத் தாண்டித்தான் போகும். ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்றால் பால் கவரைக் கேட்க வேண்டுமா? பறந்தது கொரங்காட்டின் கிளுவை முள்ளில் போய் மாட்டிக்கொள்ளும். அங்கே மேய்வது ஆடும் மாடும். கூடத்தைச் சுற்றி மூன்று பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் பசுமைக்குடில் வலை கட்டியிருக்கிறோம். அப்படியும் ஆனி, ஆடி மாதங்களில் சாயங்காலம் வேலி ஓரம் ஒரு நடை போய் பொறுக்கிவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவோம்.

பிரித்தது எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கு ஆசை. பெட் பாட்டில் கரூர்ப் பக்கம் போகும். அதை நொறுக்கி, உருக்கி, இழையாக்கித் துணியே நெய்கிறார்கள். அட்டை எல்லாம் அட்டை மில்லுக்கு. எழுதின நோட்டுத் தாள் வேறு ரகம், மையை நீக்கி மறுபடி வெள்ளைக் காகிதமாக்க முடியும். புகளூர் காகிதபுரத்தில் கரும்புச் சக்கையில் காகிதம் செய்கிற ஆலையிலும் பழைய காகிதத்தின் மை நீக்கும் பிரிவு இருக்கிறது. கண்ணாடியில் பெரும்பாலும் பிராந்தி பாட்டில்தான். 2022இல் நீலகிரியில் உயர் நீதிமன்றம் சொல்லி, பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கிக் காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பிக் கொடுக்கும் முறை வந்தது. பிறகு கோவை உட்பட மற்ற மாவட்டங்களுக்கும் வந்தது. யானைக் காலில் குத்துகிறது என்று தொடங்கிய வழக்கு அது. ஒரு பொருளுக்கு வெறும் 10 ரூபாய் விலை வைத்ததும் அது வயலிலும் வாய்க்காலிலும் கிடப்பது எப்படிக் குறைகிறது என்பதை நாட்டுக்கே காட்டிய ஏற்பாடு என்று நான் நினைக்கிறேன். சாஷேக்கு அப்படி ஒன்று வந்தால் எங்கள் வேலையில் பெரும்பங்கு குறைந்துவிடும்.

சாஷே, சிப்ஸ் கவர், மசாலா பாக்கெட்டுதான் எங்கள் மலை. ஒரு படலம் பாலியஸ்டர், ஒரு படலம் அலுமினியம், ஒரு படலம் பாலித்தீன் என்று ஒட்டிச் செய்தது. ஒட்டியதைப் பிரிக்க நடைமுறையில் வழியில்லை. இதை யாரும் காசு கொடுத்து வாங்க மாட்டார்கள். பேல் கட்டி அரியலூர்ப் பக்கம் சிமெண்டு ஆலைக்கு அனுப்புகிறோம். 1400 டிகிரிக்கு மேல் எரிகிற சூளையில் நிலக்கரிக்குக் கொஞ்சம் மாற்றாகப் போகிறது. அங்கே பி.வி.சி. கலந்தால் லோடைத் திருப்பிவிடுவார்கள், குளோரின் சூளையைக் கெடுக்கும். அதனால் காதுகுத்து, கல்யாணம், அரசியல் என்று ஊரெங்கும் கட்டுகிற ஃபிளெக்ஸ் பேனரை இதோடு சேர்க்கவே கூடாது, அது பி.வி.சி. பூசிய துணி. மெல்லிய கவர்களைப் பொடித்துத் தார் ரோட்டில் போடும் வழியும் இருக்கிறது. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் கண்டுபிடித்தது. சூடான ஜல்லி மேல் தூவினால் உருகிப் படலமாக ஒட்டிக்கொள்ளும், அதன் மேல் தார் நன்றாகப் பிடிக்கும். 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. ஒன்றியத்தில் ரோடு டெண்டர் வரும்போது எங்கள் பொடியை எடுத்துக்கொள்வார்கள். டெண்டர் இல்லாத மாதங்களில் மூட்டை அடுக்கில் நிற்கும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். விலை போகிறதை மொபெட்காரர் எடுத்துவிட்டார். மக்குகிறதை மாடு எடுத்துவிட்டது. எங்களிடம் இருப்பதில் கொஞ்சம் விற்கும், பெரும்பாகம் விற்காது. விற்காததை அனுப்ப லாரி வாடகை நாம்தான் கொடுக்க வேண்டும். அந்த லாரியிலும் பேல் கட்டாமல் ஏற்றினால் பாதிக்கு மேல் காற்றுதான் பயணம் போகும். கச்சா எண்ணெய் விலை இறங்கினால் புதுப் பிளாஸ்டிக் மலிவாகிவிடும், அந்த வாரமே எங்கள் பழைய பிளாஸ்டிக்குக் கேட்கும் விலை சரிந்துவிடும். டயபரையும் நாப்கினையும் யார் வாங்குவார்கள்? மாத்திரை அட்டையை? டியூப் லைட்டுக்குள் பாதரசம் இருக்கிறது, அதை உடையாமல் அட்டைக்குள் நிறுத்திவைத்துத் தனியாக அனுப்ப வேண்டும். இந்த வேலை ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆளின் நேரம் போகிறது, வரவு ஏதுமில்லை.

திட்டங்களில் காசு இல்லாமல் இல்லை. தூய்மை பாரத இயக்கத்தின் ஊரகப் பிரிவு இரண்டாம் கட்டத்தில், திடக்கழிவுக்கு 5,000 பேர் வரை உள்ள கிராமத்துக்கு ஆளுக்கு 60 ரூபாயும், அதற்கு மேற்பட்டதற்கு ஆளுக்கு 45 ரூபாயும் வரை கொடுத்தார்கள். ஒன்றியத்துக்கு ஒரு பிளாஸ்டிக் கழிவுக் கூடத்துக்கு 16 லட்சம் வரை. கூடம் கட்ட, வண்டி வாங்க, மிஷின் வாங்க அது உதவும். கட்டித் திறந்து போட்டோ எடுத்த மறுநாள் காலையில் மேசையில் நின்று பிரிக்கிற பெண்ணுக்குச் சம்பளம் எங்கிருந்து வரும் என்பதற்கு, ‘விற்பனை வருமானத்திலிருந்து’ என்று எழுதிவிடுகிறார்கள். இந்த ஒரு வரிதான் கூடங்களைப் பூட்டுகிறது. தெருவிளக்கு போடுகிறோம், மாதாமாதம் கரண்ட் பில் கட்டுகிறோம். விளக்கில் என்ன லாபம் என்று எந்தக் கிராம சபையிலும் யாரும் எழுந்து கேட்டதில்லை. குடிதண்ணீர் மோட்டாருக்கு லாபம் கேட்டதில்லை. மாடு சாகாமல், வாய்க்கால் அடைக்காமல், கிணற்றடியில் புகை சூழாமல் இருப்பதற்கும் ஒரு செலவு இருக்கிறது என்று ஒப்புக்கொண்டால் போதும்.

அந்தச் செலவை ஊர் ஏன் செலவாக நினைப்பதில்லை என்று யோசித்தால் ஒரு பதில்தான் எனக்குக் கிடைக்கிறது. சொல்லக் கசப்பாக இருக்கும், ஆனாலும் சொல்ல வேண்டும். கொங்குப் பகுதியில் குப்பை வேலை அருந்ததியர் வேலை என்று தலைமுறை தலைமுறையாக வைத்துவிட்டோம். அவர்கள் எப்படியும் செய்வார்கள், கொடுத்ததை வாங்கிக்கொள்வார்கள் என்று ஊர் இருந்துவிட்டது. கூலி கொடுக்க வேண்டிய இடத்தில் பழைய சோறும் பண்டிகைக்கு ஒரு சேலையும் கொடுத்துப் பழகிய மனசு, இன்றைக்கும் இந்த வேலைக்கு ஒரு நியாயமான விலை போட மறுக்கிறது. ஊராட்சித் தூய்மைக் காவலரின் மாத மதிப்பூதியம் 3,600 ரூபாயாக இருந்து 5,000 ஆனது. திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங், கைமடி வேலைக்குப் போகிற பெண் ஒரு மாதத்தில் வாங்குவதோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கவே முடியாது.

கூடம் தொடங்கியபோது மேசை வேலைக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒரே தெருவிலிருந்து வந்தார்கள். மற்ற குழுப் பெண்கள் கூட்டத்துக்கு வந்தார்கள், வங்கிக் கடனுக்குக் கையெழுத்துப் போட்டார்கள், மேசைக்கு வரவில்லை. வாதம் செய்து மாற்றப் பார்க்காமல் கூட்டமைப்பில் ஒரு தீர்மானம் போட்டோம். கூட்டமைப்பின் நிர்வாகிகள் யாராக இருந்தாலும் முறை வைத்து மேசையில் நிற்க வேண்டும், நான் உட்பட. சிலர் பதவியை விட்டுப் போனார்கள். போகாமல் நின்றவர்களில் கவுண்டர் வீட்டு அம்மா ஒருவர், முதல் வாரம் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு வந்தவர், இன்றைக்குத் துணிப் பிரிவைத் தானே பார்த்துக்கொள்கிறார். அவர் வீட்டு மாமியார் மட்டும், "ஏனுங்க சாமி, எங்க வூட்டுப் புள்ளைய இப்படிக் குப்பையில நிறுத்திப் போட்டீங்களே" என்று என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பார். "உங்க வூட்டுக் குப்பையத்தானுங்க ஆத்தா பிரிக்கிறாங்க" என்பேன். டீ எல்லாருக்கும் ஒரே கேனிலிருந்து, ஒரே மாதிரி டம்ளரில்தான். இதில் யாருக்கும் சலுகை கிடையாது.

ஒரு வேண்டுகோள் எல்லா வீட்டுக்கும். சர்க்கரை வியாதிக்கு ஊசி போட்டுக்கொள்கிறவர்கள் இப்போது எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள். அந்த ஊசியையும் ஷேவிங் பிளேடையும் ஒரு பழைய தண்ணீர் பாட்டிலில் போட்டு மூடி, மேலே சிவப்பாக ஒரு கோடு போட்டுக் கொடுங்கள். கையுறை ஊசிக்குத் தாங்காது. நாப்கினையும் டயபரையும் செய்தித்தாளில் சுற்றிக் கொடுங்கள், 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே சுற்றிக் கொடுக்கச் சொல்லியிருந்தது. பிரிக்கிறவர் கையில் அது திறந்தபடி வரக் கூடாது.

கோழிக்கடைக் கழிவை மட்டும் நாங்கள் எடுப்பதில்லை. ராத்திரியில் மூட்டை கட்டி ரோட்டோரப் பள்ளத்தில் தள்ளிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அதைத் தின்று பழகிய நாய்கள் கூட்டமாகப் பட்டிக்குள் புகுகின்றன. காங்கேயம், வெள்ளகோவில், சென்னிமலை வட்டாரத்தில் நாய் கடித்துச் செத்த ஆடுகளோடு விவசாயிகள் நடுரோட்டில் உட்கார்ந்து போராடியது எல்லாருக்கும் தெரியும். பட்டியில் ஒரே இரவில் ஆடுகளைப் பறிகொடுத்தவரிடம் குப்பையைப் பற்றி விளக்கிச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. கடைக்காரர்களைக் கூப்பிட்டு ஒன்றியம் முழுக்க ஒரே வண்டி ஏற்பாடு செய்வதுதான் வழி, அதற்கும் ஒரு செலவுத் தலைப்பு வேண்டும்.

கீழ்பவானி வாய்க்காலில் வழக்கமாக ஆகஸ்ட் 15ஆம் தேதி வாக்கில் தண்ணீர் திறப்பார்கள். பவானிசாகரில் திறக்கிற தண்ணீர் 200 கிலோமீட்டர் வாய்க்காலில் வரும்போது, கரையோர ஊர்கள் வறண்ட மாதங்களில் கொட்டியதை எல்லாம் தள்ளிக்கொண்டு வந்து மதகில் அடைக்கும். மதகில் அடைத்தால் கடைமடைக்குத் தண்ணீர் போகாது, சண்டை வரும். அதனால் ஜூலை கடைசியில் பாசன சபைக்காரர்களும் நாங்களும் சேர்ந்து எங்கள் பகுதிக் கிளை வாய்க்காலைச் சுத்தம் செய்கிறோம். விவசாயிகள் தாங்களாகவே டிராக்டரும் ஆளும் அனுப்புகிற ஒரே சுத்தம் இதுதான்.

கிராம சபையும் அதே ஆகஸ்ட் 15இல் கூடுகிறது. சுற்றியுள்ள ஊராட்சிகள் ஒவ்வொன்றிலும் இந்த முறை ஒரே வாசகத்தில் ஒரு தீர்மானம் கேட்கப் போகிறோம். ஊராட்சியின் ஆண்டு வரவு செலவில், தெருவிளக்குக்குக் கீழே, மக்காத குப்பைக் கூடம் நடத்தும் செலவு என்று ஒரு தலைப்பு. மேசையில் நிற்பவர்களின் கூலியும் விற்காத சரக்குக்கான லாரி வாடகையும் அதிலிருந்து. விற்பனையில் வருவது தனிக் கணக்காக இருக்கும், யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம், எடைமேடைச் சீட்டு முதற்கொண்டு எல்லாம் கோப்பில் இருக்கிறது. இரண்டு ஊராட்சிகளில் சரி என்று சொல்லிவிட்டார்கள். இன்னோர் ஊராட்சியின் பொறுப்பில் இருப்பவர் இன்னும் "லாபம் வந்தா எதுக்குங்க அம்மிணி ஊராட்சிக் காசு" என்கிறார், அவரை ஒருநாள் காலையில் மேசைக்கு அழைத்திருக்கிறோம். தீர்மானம் ஏறினால் முதல் வேலை கூலியை ஏற்றுவது. அடுத்தது, ஐப்பசி மழைக்கு முன்னால் கூடத்தின் வடக்குப் பக்கத்துக்குத் தகரம் அடிக்க வேண்டும், அங்கே அடுக்குகிற அட்டைதான் ஒவ்வொரு வருஷமும் நனைகிறது.